ஒரு சென்டிமீட்டர் கீறல்

“ஐயா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

படிவத்தோடு கட்டில் அருகே நின்ற செவிலியர் கேட்டார். “அதெல்லாம் இல்லம்மா. சுகருக்கும் பிரஷருக்கும்தான் போடுறேன்” என்றார் பெரியப்பா. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். பெரியம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்திருந்த மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். ஏழெட்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. செவிலியர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று ஆஸ்பிரின், இன்னொன்று குளோபிடோக்ரல். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது தொடங்கியவை. பெரியப்பாவைப் பொறுத்தவரை அவை ‘ஹார்ட் மாத்திரை’. ரத்தத்துக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அவர் வந்திருந்தது மஞ்சள் காமாலைக்காக. மூன்று வாரம் வீட்டிலேயே கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து குடித்துவிட்டு, கண் மஞ்சள் கூடி, சிறுநீர் கறுத்து, மலம் சுண்ணாம்பாக வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. கல்லீரல் கெட்டு வரும் காமாலை வேறு, குழாய் அடைத்து வரும் காமாலை வேறு. அடைப்பைத் திறக்காமல் இரண்டாவது வகை போகாது. திறப்பதற்கான வழி ஈ.ஆர்.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் எண்டோஸ்கோபி சிகிச்சை. வயிற்றில் கத்தி படாது, தழும்பு இருக்காது, பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சிறு கீறல் உண்டு. அந்தக் கீறலில் எப்போது ரத்தம் கொட்டும், யாருக்குக் கொட்டும் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கல்லீரல் சுரக்கும் பித்தநீர் குழாய் வழியே இறங்கி, இரைப்பைக்கு அடுத்து வளைந்து செல்லும் முன்சிறுகுடலில் வந்து கொட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கணையக் குழாயும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. குடலின் உட்சுவரில் அந்த வாய் ஒரு சின்ன மொட்டுப் போலத் துருத்திக்கொண்டிருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஆபிரகாம் ஃபாட்டர் 1720-இல் விவரித்த இடம் அது. அந்த வாயைச் சுற்றி ஒரு தசை வளையம், சுருக்குப் பையின் நாடா மாதிரி, இறுகியும் தளர்ந்தும் பித்தநீரை அளந்து விடுகிறது. 1887-இல் அதை ஆராய்ந்து எழுதியவர் ருஜ்ஜேரோ ஒடி. இத்தாலியின் பெருஜியாவில் அப்போது அவர் மருத்துவ மாணவர்தான். அவர் பெயராலேயே அந்தத் தசை இன்றும் அழைக்கப்படுகிறது.

குழாய்க்குள் இருக்கும் கல் வெளியே வரவேண்டுமானால் இந்த நாடாவை வெட்டிவிட வேண்டும். 1968-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூன் எண்டோஸ்கோப் வழியாக அந்த வாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்துக் காட்டினார். 1974-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானின் கியோட்டோவில் கவாயும், தனித்தனியாக, அதே பாதையில் ஒரு மின்கம்பியைச் செலுத்தித் தசையை வெட்டித் திறந்த செய்தியை வெளியிட்டார்கள். அதுவரை குழாய்க் கல் என்றால் வயிற்றைக் கிழிப்பதே பெரும்பாலும் வழி. எத்தனையோ முதியவர்களை அந்தப் பெரிய அறுவையிலிருந்து காப்பாற்றிய கண்டுபிடிப்பு இது.

கீறலின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கடிகார முகமாக அந்த மொட்டை நினைத்துக்கொண்டால், கம்பி 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே போக வேண்டும். விலகினால் கணையக் குழாய்க்கோ குடல் சுவருக்கோ ஆபத்து. ஆழம் கூடினால் குடல் துளைபடும். சுவருக்குப் பின்னால் முன்சிறுகுடலுக்கும் கணையத்துக்கும் ரத்தம் கொடுக்கும் தமனியின் கிளைகள் ஓடுகின்றன. அவை எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலருக்கு ஒரு கிளை மொட்டின் மேலேயே குறுக்காகப் படிந்திருக்கும். வெட்டுகிற மருத்துவருக்குத் திரையில் தெரிவது இளஞ்சிவப்புச் சவ்வு மட்டுமே. அடியில் ஓடும் தமனி தெரியாது.

அப்படியானால் இது முழுக்க அதிர்ஷ்டத்தின் விளையாட்டா? இல்லை என்று காட்டியது 1996-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மார்ட்டின் ஃப்ரீமனும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வு. 17 மருத்துவமனைகளில் இந்தத் தசையை வெட்டிக்கொண்ட 2,347 நோயாளிகளை 30 நாள் பின்தொடர்ந்தார்கள். கணைய அழற்சிதான் அதிகம், 5.4 விழுக்காடு. ரத்தக்கசிவு 2 விழுக்காடு. யாருக்குக் கசிந்தது என்று அலசியபோது வந்த பட்டியல் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. சிகிச்சைக்கு முன்பே ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தவர்கள். முன்பே பித்தக் குழாயில் சீழ்த்தொற்று வந்து காய்ச்சலோடு வந்தவர்கள். சிகிச்சை முடிந்து மூன்று நாளுக்குள் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் திரும்பத் தொடங்கியவர்கள். வாரத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ இந்த வெட்டைச் செய்யும் மருத்துவரிடம் போனவர்கள். வெட்டும்போதே கசிவு தெரிந்தவர்கள். இந்த ஐந்தில் கடைசி ஒன்றுதான் வெட்டுகிற அந்தச் சில நொடிகளில் நடப்பது. மற்ற நான்கும் அறைக்கு வெளியே, முன்போ பின்போ, தீர்மானமாகிவிடுகின்றன.

இதில் முதல் காரணத்தை விளக்காமல் மேலே போக முடியாது. பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2.1 என்று வந்திருந்தது. நல்ல உடம்பில் அது 1-ஐ ஒட்டி இருக்கும். ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே ஏற்றி வைக்கும் அளவு 2 முதல் 3. வார்ஃபரினைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு அந்த எண் எப்படி வந்தது?

பதில் ஒரு கோழிக் கூண்டில் கிடைத்தது. 1920-களின் கடைசியில் கோப்பன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்ற உயிர்வேதியியல் அறிஞர் கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து வந்தார். அவர் ஆராய நினைத்தது கொலஸ்டிராலை. குஞ்சுகளோ தோலுக்கடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்து செத்தன. தீவனத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தேடிப்போனவர், 1935-இல் அந்தப் பொருளுக்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். ரத்த உறைவைக் குறிக்கும் டேனிஷ் சொல்லின் முதலெழுத்து அது. 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசை எட்வர்ட் டாய்சியோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

வைட்டமின் கே கீரையில் நிறைய உண்டு. ஆனால் அது எண்ணெயில் கரைவது, நீரில் கரையாது. குடல் அதை உறிஞ்ச வேண்டுமானால் பித்தநீர் வந்து கொழுப்பைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். குழாய் அடைத்துவிட்டால் பித்தநீர் குடலுக்கு வராது. மலம் வெளுப்பதும் அதனால்தான். தட்டு நிறைய முருங்கைக்கீரையைச் சாப்பிட்டாலும் அதிலிருக்கும் வைட்டமின் கே உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். உடம்பில் அதன் கையிருப்பும் சொற்பம், சில வாரங்களில் தீர்ந்துபோகும். கல்லீரல் தன் வேலையை நிறுத்துவதில்லை. உறைவுக்கான புரதங்களைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் புரதங்களில் நான்கு, காயம்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கால்சியத்தைப் பிடிக்கும் கொக்கி வேண்டியவை. அந்தக் கொக்கியை மாட்டிவிடுவது வைட்டமின் கே. அது இல்லாதபோது கொக்கியில்லாத புரதங்களே ரத்தத்தில் ஓடுகின்றன. அளவு இருக்கும், பயன் இருக்காது. வார்ஃபரின் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான், வைட்டமின் கே-யைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுப்பது. ஆக, மூன்று வாரம் அடைத்த குழாயே பெரியப்பாவின் உடம்புக்குள் வார்ஃபரினின் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

காமாலை நோயாளிகள் கத்தி பட்டால் ரத்தம் நிற்காமல் இறந்துபோவது அறுவை மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த துயரம். 1935-இல் ஆர்மண்ட் குவிக் தான் வகுத்த உறைவு நேரப் பரிசோதனையால் அந்தக் குறையை அளந்து காட்டினார். 1938-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலும் அயோவாவிலும் மருத்துவர்கள் காமாலை நோயாளிகளுக்கு வைட்டமின் கே-யைப் பித்த உப்போடு சேர்த்துக் கொடுத்து உறைவைச் சரிசெய்தார்கள். இன்று பித்த உப்பு தேவையில்லை. ஊசியாகப் போட்டால் குடலைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போய்விடும். சில மணி நேரத்தில் எண் இறங்கத் தொடங்கும். பெரியப்பாவுக்கு இரண்டு நாள் ஊசிக்குப் பிறகு 1.3. இதே ஊசிக்கு எண் அசையவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான்: கோளாறு குழாயில் மட்டுமல்ல, புரதத்தைத் தயாரிக்கும் கல்லீரலிலேயே இருக்கலாம். கல்லீரல் சுருங்கிய நோயாளிகளுக்கு வெட்டு ஏன் அத்தனை ஆபத்து என்பதும் இங்கே விளங்கும். அவர்களில் பலருக்குத் தட்டணுக்களும் குறைந்திருக்கும்.

கீழாநெல்லி குடித்ததைக் குற்றமாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் நானும் குடித்து வளர்ந்தவன். ஆனால் வெளுத்த மலத்தோடும் அரிப்போடும் வரும் காமாலையில் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் கையிருப்பைத் தின்கிறது என்பதை அன்று எங்களில் யாராவது அறிந்திருந்தால், இரண்டாவது வாரமே பேருந்து ஏறியிருப்போம்.

எண் இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஐ.என்.ஆர். ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். ரத்தக்குழாய் அறுந்தால் முதலில் ஓடிவந்து வாயை அடைப்பவை தட்டணுக்கள். உறைவுப் புரதங்கள் அதன்மேல் வலை பின்னுவது பிறகு. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தட்டணுக்களைச் செயலிழக்க வைப்பவை. அந்தப் பாதிப்பை எந்த உறைவு நேரப் பரிசோதனையும் காட்டாது, கேட்டால்தான் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே சரியாகிவிடாதா என்று பெரியம்மா கேட்டார். ஆகாது. ஒரு தட்டணுவை அந்த மருந்து பிடித்துவிட்டால் அதன் ஆயுள் முடியும்வரை விடாது. அந்த ஆயுள் 7 முதல் 10 நாள். எலும்பு மஜ்ஜை புதிய தட்டணுக்களைப் போதிய அளவு அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். குளோபிடோக்ரலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆஸ்பிரினை மட்டும் பொதுவாக நிறுத்துவதில்லை. அதனால் கூடும் கசிவைவிட, நிறுத்தினால் இதயத்துக்கு வரும் ஆபத்தே பெரிது. ஃப்ரீமனின் ஆய்விலும் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குக் கசிவு கூடியதாகத் தெரியவில்லை. வார்ஃபரின் என்றால் ஐந்து நாள். இப்போது பரவலாகிவிட்ட அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் போன்றவற்றுக்கு அதைவிடக் குறைவு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடுதல்.

இதை வாசிக்கும் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அண்மையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலை விட்டால் அந்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். குடலில் கசியும் ரத்தத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் திருப்பிப் பெற முடியாது. எந்த மாத்திரையை எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

காத்திருக்க நேரமில்லாதவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலும் நடுக்கமும் காமாலையுமாக, குழாய்க்குள் சீழ் கட்டி வருகிறவருக்கு ஏழு நாள் என்பது வாழ்க்கைக்கும் சாவுக்கும் இடையிலான தூரம். அவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் வெட்டுவதில்லை. தசையைக் கீறாமல், அந்த வாய் வழியே சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, கல்லைத் தாண்டிப் பித்தநீர் வடிய வழிசெய்துவிடுகிறார்கள். கல் உள்ளேயே இருக்கட்டும், ரத்தம் சீரானதும் எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பாவுக்கும் அன்று அதைத்தான் செய்தார்கள். காய்ச்சல் இல்லை என்றாலும், மூன்று வாரக் காமாலையை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட மருத்துவருக்கு மனமில்லை. (இந்தப் பிளாஸ்டிக் குழாயை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உடம்பு தேறியதும் அதை மறந்துபோய், அது அடைத்துக் காய்ச்சலோடு திரும்ப வருகிறவர்கள் உண்டு.)

வெட்டாமல் பலூனை ஊதித் தசையை விரிப்பது இன்னொரு வழி. வெட்டு இல்லாததால் ரத்தம் குறைவு. நசுக்கப்பட்ட தசை வீங்கிக் கணையக் குழாயை நெருக்கும் என்பதால் கணைய அழற்சி கூடுதல். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரம்தான். கல்லீரல் சுருங்கியவருக்கு அந்தப் பேரம் லாபம். மற்றவர்களுக்குப் பெரிய கல் என்றால் கொஞ்சம் வெட்டி, மிச்சத்தைப் பெரிய பலூனால் விரிக்கும் முறையும் நடப்பில் இருக்கிறது.

வெட்டும் மின்சாரத்திலும் சூட்சுமம் உண்டு. வெறுமனே அறுக்கும் மின்னோட்டம் சுத்தமாக அறுக்கும், ரத்தக்குழாயின் வாயைச் சுடாது. சுடும் மின்னோட்டத்தை மட்டும் விட்டால் சுற்றியுள்ள திசு வெந்து வீங்கும். இப்போதைய கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றி, கம்பி கொஞ்சம் நகர்வதும் கொஞ்சம் சுடுவதுமாக அனுப்புகின்றன. ஒரே இழுப்பில் ஜிப்பைத் திறந்ததுபோல வெட்டு ஓடிவிடுவதை இந்த இடைவெளி தடுக்கிறது. வாரம் ஒன்றுக்கு மேல் செய்கிறவர் கையில் கசிவு குறைவு என்ற கணக்கு எனக்கு வியப்பாக இல்லை. கம்பி எவ்வளவு இறுக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குப் படியும் அறிவு.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு ரத்தம் வரும். வெட்டும்போதே வருவது பெரும்பாலும் சிறு ஊறல், தானே நிற்கும். நிற்காவிட்டால் நீர்த்த அட்ரினலினை ஓரத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். குழாய் சுருங்கும், ஏற்றிய திரவமே சுற்றி நின்று அழுத்தவும் செய்யும். பலூனை ஊதிச் சில நிமிடம் அமுக்கிப் பிடிப்பதும், கிளிப் போட்டு நெரிப்பதும் உண்டு. கிளிப் போடும்போது பக்கத்திலேயே இருக்கும் கணையக் குழாயின் வாயையும் சேர்த்துப் பிடித்துவிடக் கூடாது. அடங்காத கசிவுக்கு இப்போது நன்றாகக் கைகொடுப்பது உறையிட்ட உலோக ஸ்டென்ட். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அது விரியும்போது கீறலின் விளிம்புகளை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

அதுவும் தோற்றால் தொடை வழியாகவோ கை வழியாகவோ தமனிக்குள் குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை அடைக்க வேண்டும். இங்கே உடலமைப்பு ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. மேலே கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் போகும் தமனியிலிருந்து ஒரு கிளை, கீழே சிறுகுடலுக்குப் போகும் தமனியிலிருந்து ஒரு கிளை, இரண்டும் கணையத்தின் தலையைச் சுற்றி வளைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. இரண்டு மடையிலிருந்தும் தண்ணீர் பாயும் வாய்க்கால் அது. ஒரு மடையை மட்டும் அடைத்தால் மறுமடை வழியாக வந்துகொண்டே இருக்கும். உடைப்புக்கு இருபுறமும் அடைத்தால்தான் நிற்கும். அறுவைக்குப் போவது இன்று மிக அரிது.

எனக்குக் கவலை தருவது தாமதமாக வரும் கசிவுதான். வெட்டிய அன்று எல்லாம் சுத்தமாக இருக்கும். நோயாளி நடந்தே வீட்டுக்குப் போவார். சூட்டில் கருகிய திசு சில நாளில் பொருக்காக உதிரும். அடியிலிருந்த குழாய் வாய் திறக்கும். நிறுத்திவைத்த மாத்திரையும் அதே நாட்களில் மறுபடி தொடங்கியிருக்கும். ஒரு வாரம் கழித்தும், சிலருக்கு இரண்டு வாரம் வரையிலும் இது நடக்கலாம். குடலுக்குள் கசிவதால் வெளியே ரத்தமாகத் தெரியாது. செரிமானத்தில் கறுத்து, தார் மாதிரிப் பிசுபிசுத்து, வழக்கமில்லாத நாற்றத்தோடு மலமாக வரும். வேகமாகக் கசிந்தால் ரத்த வாந்தி, அல்லது மலத்தோடு சிவப்பாகவே ரத்தம். எழுந்து நின்றால் கண் இருட்டும், நாடி துடிதுடிக்கும், நெற்றி வியர்க்கும். வயதானவர்கள் இதைச் ‘சோர்வு’ என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுக்கும் தாளில் இதெல்லாம் ஒரு வரியாக இருக்கலாம். அந்த ஒரு வரியை யாராவது வாய்விட்டு, வீட்டில் சமைக்கிற, கூட இருக்கிற ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து, இதய மருத்துவரிடம் கேட்டு, குளோபிடோக்ரலை மட்டும் ஏழு நாள் நிறுத்திய பிறகு, பெரியப்பாவுக்குத் தசையை வெட்டி இரண்டு கற்களை எடுத்தார்கள். சொட்டு ரத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் குளோபிடோக்ரல் திரும்பத் தொடங்கியது. தினமும் காலையில் பெரியம்மா ஒரே கேள்வியைக் கேட்டார். பெரியப்பாவுக்குக் கூச்சம், எரிச்சல். ஆறாம் நாள் காலை, “கறுப்பாத்தான் இருக்கு” என்றார்.

ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் நாடியைப் பார்த்தார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் எடுத்தார், விரலால் பரிசோதித்தார், ஹீமோகுளோபினுக்கு ரத்தம் அனுப்பினார். முடிவு வரும்வரை அனுப்ப மாட்டேன் என்றார். நான்கு மணி நேரம் கழித்து வந்த எண், டிஸ்சார்ஜ் அன்று இருந்த அதே எண். மலம் கறுத்திருந்தது, ஆனால் பிசுபிசுப்பும் இல்லை, அந்த நாற்றமும் இல்லை. வேறு ஏதாவது மாத்திரை புதிதாகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சோர்வாக இருக்கிறதே என்று தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிய இரும்புச் சத்து மாத்திரையைப் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரும்பும் மலத்தைக் கறுக்க வைக்கும்.

“வந்தது நல்லதும்மா. மறுபடி கறுத்தாலும் வாங்க” என்று பெரியம்மாவிடம் சொன்னார் மருத்துவர். பெரியம்மா பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், என் அத்தை மகளின் கையெழுத்தில், பெரியப்பாவின் மாத்திரைகள் எல்லாம் பெயரோடும் நேரத்தோடும் எதற்கென்ற குறிப்போடும் வரிசையாக இருந்தன. ‘ஹார்ட்’ என்று முதலில் எழுதியிருந்த இரண்டுக்கு எதிரே ‘ரத்தம் உறையாமலிருக்க’ என்று சிவப்பு மையில் சேர்த்திருந்தார்கள். மருத்துவரிடமே பேனாவை வாங்கி, கடைசி வரியில் இரும்பு மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டார்.